பழைய பெயிண்ட்பால் மார்க்கருக்குப் பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா?

பெயிண்ட்பால் விளையாட்டில் சாயப் பந்து சுடும் மார்க்கர் பழசாகிவிட்டது, புது நிறம் கொடுக்கப் பெயிண்ட் அடிக்கலாமா, பொடியைத் தெளித்து ஓவனில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று யார் கேட்டாலும், பதிலுக்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மார்க்கரின் உடல் வார்த்து எடுத்ததா, கடைந்து எடுத்ததா? எது அதிக நாள் உழைக்கும், எது பளபளக்கும், எது மலிவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் பேச்சு. பூச்சு எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும் வைத்து முடிவெடுத்தவர்களின் மார்க்கர்கள் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன. வெளியே பார்க்க அழகாக இருக்கும். உள்ளே பந்தைத் தள்ளும் போல்ட் நகராது.

கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே இருக்கும் எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேரளத்தின் மலைச் சுற்றுலா இடங்களிலும் கோவையின் புறநகர்களிலும் பெயிண்ட்பால் களங்கள் நடத்துபவர்கள், வாடகைக்கு ஓடித் தேய்ந்த மார்க்கர்களைக் கழித்து விற்கிறார்கள். அவை வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்கின்றன. இயந்திரம் நன்றாக இருக்கும். உடல் முழுக்கக் கீறல். எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை, இந்தப் பக்கம் பம்புக்கும் கிரைண்டருக்கும் நெசவு இயந்திரத்துக்கும் பேர்போன கோவைப் பட்டறைகள். பவுடர் கோட்டிங் யூனிட்டுக்குப் பஞ்சமில்லை. டிங்கரிங் பட்டறைகளில் கார் பெயிண்ட் அடிக்கத் தெரிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. இரண்டும் பக்கத்திலேயே கிடைப்பதால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பமும் வருகிறது.

முதலில் உடலைப் பார்ப்போம். வாடகைக் களங்களில் அதிகம் புழங்கும் டிப்மேன் 98 கஸ்டம் போன்ற மார்க்கர்களின் உடல் டை-காஸ்ட், அதாவது அச்சில் வார்த்த அலுமினியம். இடது பாதி, வலது பாதி என்று இரண்டு ஓடுகள். ஆலன் போல்ட்டுகளால் சேர்த்து முடுக்கியிருப்பார்கள். தொழிற்சாலையிலேயே அதன் மேல் பூசப்பட்ட கறுப்புப் பூச்சு இருக்கும். ஸ்பைடர், ஆட்டோகாக்கர் வகை மார்க்கர்களின் உடல் கட்டி அலுமினியத்தில் கடைந்து, அனோடைஸ் செய்யப்பட்டது, அதாவது மின்சாரம் செலுத்தி மேற்பரப்பிலேயே ஆக்சைடு படலம் வளர்க்கப்பட்டது. இன்னும் சில, டிப்மேன் குரோனஸைப் போல, வெளி ஓடு முழுவதும் கடின பிளாஸ்டிக். இந்த மூன்றாவது வகைக்குப் பவுடர் கோட்டிங் என்ற பேச்சுக்கே இடமில்லை. பவுடர் உருகிப் பிடிக்க உலோகம் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, பத்து முதல் இருபது நிமிடம் அந்தச் சூட்டில் நிற்க வேண்டும். அந்தச் சூட்டைப் பிளாஸ்டிக் ஓடு தாங்காது. அதற்குப் பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் அடித்து, மேலே பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

அடுத்தது தடிமன். “பெயிண்ட் மெல்லியது, பவுடர் தடிமன்” என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரு கோட் பவுடர் வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கும். கார்களுக்கு, இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டை முறையாக அடித்தால் ப்ரைமர், இரண்டு கோட் நிறம், அதற்கு மேல் கிளியர் என்று சேர்த்து ஏறக்குறைய 100 மைக்ரானைத் தொட்டுவிடும். டப்பாவில் வரும் லாக்கர் ஸ்பிரே மட்டுமே உண்மையில் மெல்லியது. எனவே தடிமனை வைத்துப் பெயிண்டுக்கு வாக்களிப்பது சரியான காரணம் ஆகாது.

உண்மையான வித்தியாசம், பூச்சு எங்கெல்லாம் போய் உட்காருகிறது என்பதில் இருக்கிறது. பெயிண்ட், ஸ்பிரே கன் காட்டிய திசையில் போகும். பவுடர் அப்படியல்ல. துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கிறார்கள். பொருளை எர்த் செய்து கொக்கியில் தொங்க விடுகிறார்கள். மின்னேறிய துகள் எர்த் ஆன உலோகத்தைத் தேடிச் சுற்றி வளைத்துப் போய் ஒட்டும். பின்பக்கத்துக்குப் போகும், துளையின் விளிம்புக்குள் போகும், நீங்கள் நினைக்காத இடத்துக்கெல்லாம் போகும். ஜன்னல் கிரில்லுக்கு இது பெரிய வசதி. ஒரு பக்கம் தெளித்தால் மறுபக்கமும் பாதி மூடிவிடும். உள்ளே போல்ட் ஓட வேண்டிய குழாய்க்கு இது ஆபத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். துளையின் சுவரில் 70 மைக்ரான் படிந்தால், இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 0.14 மில்லிமீட்டர் குறையும். போல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளியையே இது விழுங்கிவிடும். திருகு மறைகளில் இன்னும் மோசம். வழக்கமான 60 டிகிரி மறையில் பூச்சின் தடிமன் நான்கு மடங்காகக் கணக்கில் வரும். 70 மைக்ரான் பூச்சு அங்கே 0.28 மில்லிமீட்டர் ஆகிவிடும். பந்து வெளியேறும் குழாயான பேரல் மாட்டும் மறையிலோ காற்று பாட்டில் மாட்டும் அடாப்டர் மறையிலோ அது படிந்தால், கையால் திருகிப் போட வேண்டியதை ஸ்பானர் வைத்து முறுக்குவீர்கள். அலுமினிய மறை அப்படி முறுக்கினால் பிய்ந்துவிடும். அழுத்தக் காற்று வரும் இடத்தில் பிய்ந்த மறை என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

இரண்டு ஓடுகள் சேரும் தளமும் இதே கதைதான். டிப்மேன் 98 உடலின் ஒரு பாதியைக் கையில் எடுத்து உள்பக்கம் பாருங்கள். விளிம்பு முழுக்க, இன்னொரு பாதியோடு ஒட்டி உட்காரும் தட்டையான தளம் ஓடுகிறது. உள்ளே முன் போல்ட்டும் பின் போல்ட்டும் ஓடும் அரைவட்டப் பள்ளம். பக்கத்தில், பின் போல்ட்டை இழுத்துத் தயாராக்கும் காக்கிங் கைப்பிடி முன்னும் பின்னும் போகும் நீண்ட வாய். கீழே டிரிக்கர் என்னும் விசைப் பகுதி அமரும் பள்ளங்கள். சேரும் தளத்தில் இரண்டு பக்கமும் பவுடர் படிந்தால் ஓடுகளுக்கு நடுவே 0.14 மில்லிமீட்டர் இடைவெளி விழும். வெளியே கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஆலன் போல்ட்டுகளை முடுக்கும்போது ஓடு சற்று வளைந்து உட்காரும். பின் போல்ட் ஓர் இடத்தில் இறுகும், இன்னோர் இடத்தில் தளரும்.

ஆகவே பவுடர் கோட்டிங்கில் பாதி வேலை அடைப்பு வேலைதான். சூட்டைத் தாங்கும் சிலிகான் அடைப்பான்கள் துளைகளுக்கும் மறைகளுக்கும். தட்டையான தளங்களுக்கு, ஓவன் சூட்டைத் தாங்கும் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப். சாதாரண மாஸ்கிங் டேப் அங்கே கருகிப் பசையை விட்டுவிடும். கோவையில் ஒரு யூனிட் நடத்துபவரிடம் இதைப் பேசினேன். பம்பு உறைகளும் மின் பெட்டிகளும் நூற்றுக்கணக்கில் ஓடும் இடம் அது. “தம்பி, நூறு பீஸ் என்றால் நானே ஆள் போட்டு அடைத்துக் கொடுப்பேன். ஒற்றைப் பீசுக்கு என் பையன்கள் பொறுமையாக உட்கார மாட்டார்கள். எங்கே போகக் கூடாது என்று உங்களுக்குத்தான் தெரியும். அடைப்பை நீங்களே போட்டுக்கொண்டு வாருங்கள், தெளிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் ஆளிடம் வேலையைக் கொடுக்கலாம். “எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வைத்துவிட்டுப் போங்கள்” என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அடைப்பை வீட்டில் போட்டுக்கொண்டு போவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. யூனிட்டில் தெளிப்பதற்கு முன் கழுவும் வேலை உண்டு. எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் போட்டு, நடுநடுவே தண்ணீரில் அலசும் செவன் டேங்க் முறை எல்லா இடத்திலும் இருக்கும். அது இரும்புக்காக அமைந்தது. அலுமினியத்துக்குக் குரோமேட் அல்லது குரோமியம் இல்லாத மாற்றுப் பூச்சு வேண்டும். அதையும் அடைப்புக்கு முன்பே முடிக்க வேண்டும். இல்லையென்றால் அடைத்த டேப் தொட்டியிலேயே கழன்றுவிடும். அலுமினியத்துக்கு என்ன கழுவல் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அலுமினியப் பிரேம்கள், ஜன்னல் செக்‌ஷன்கள் ஓடும் யூனிட்டாக இருந்தால் அந்தத் தொட்டி அவர்களிடம் இருக்கும். மின் பெட்டி மட்டுமே ஓடும் இடமாக இருந்தால் இருக்காது.

இந்தக் கழுவலை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழுவல் சரியில்லாத அலுமினியத்தில் எங்காவது சிறு காயம் பட்டால், ஈரமும் உப்பும் அந்த வழியாகப் பூச்சுக்கு அடியில் நுழைந்து நகர ஆரம்பிக்கும். இலைக்குள் புழு குடைந்துபோன வழியைப் போல, நூல் நூலாக வளைந்த தடங்கள் பூச்சைத் தூக்கிக்கொண்டு ஓடும். பாலக்காட்டில் விளையாடுகிறவருக்கு இது மெதுவாக வரும். கொச்சிக் கடற்காற்றில் விளையாடுகிறவருக்கு, கை வியர்வையும் சேர்ந்து, சீக்கிரம் வரும். பெயிண்டுக்கும் இதே நோய் உண்டு. ஆனால் பெயிண்டில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து, ப்ரைமர் வைத்து, மறுபடி அடித்துவிடலாம். பவுடரில் அது முடியாது. அந்த இடத்தை மட்டும் ஓவனில் வைக்க எந்த வழியும் இல்லை. முழுக்க உரித்து, முழுக்கச் செய்ய வேண்டும்; உரிப்பதும் லேசான வேலையல்ல. காஸ்டிக் சோடாவில் போட்டால் பூச்சோடு அலுமினியத்தையும் தின்றுவிடும்.

வார்ப்பு உடலுக்கே உரிய இன்னொரு தொல்லை, குமிழ். டை-காஸ்ட் செய்யும்போது உலோகத்துக்குள் சின்னச் சின்னக் காற்றறைகள் மாட்டிக்கொள்ளும். பவுடர் உருகும் சூட்டில் அந்தக் காற்று விரிந்து வெளியேறும். உருகிய பூச்சில் ஊசிமுனை ஓட்டைகளும் கொப்புளங்களும் விழும். தெளிப்பதற்கு முன் வெறும் உடலை ஓவனில் வைத்து, பவுடருக்குத் தேவையான சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுட்டு, அந்தக் காற்றை முதலிலேயே விரட்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வார்ப்பு வேலை பார்க்கும் கோவை யூனிட்டுகளுக்கு இது பழக்கமான விஷயம்; முன்சூடு கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

விசைக் காப்பு வளையத்தின் உள்மூலை, பந்து இறங்கும் கழுத்து உடலோடு சேரும் அடிமடிப்பு போன்ற உள்வாங்கிய இடங்களில் பவுடர் சரியாகப் போகாது. மின்புலம் விளிம்புகளிலேயே துகளை இழுத்துவிடும். உள்மூலை பட்டினி கிடக்கும். தேர்ந்த ஆள் வோல்டேஜைக் குறைத்து அந்த இடத்துக்குத் தனியாகத் தெளிப்பார். உங்கள் வேலை முடிந்து வரும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. அடுத்தது, ஒரு பஞ்சில் சால்வெண்ட் தொட்டு மறைவான ஓர் இடத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் தாராளமாக ஒட்டிக்கொண்டு வந்தால் ஓவனில் வேகவில்லை என்று பொருள். பணம் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

இவ்வளவு தொல்லையும் தாண்டிப் பவுடரை நான் பரிந்துரைப்பது ஏன் என்றால், நன்றாகச் செய்த பவுடர் அடிபடும்போது பெயிண்டைவிட நன்றாகத் தாங்குகிறது. எங்கள் பக்கத்துக் களங்கள் பல வெட்டுக்கல் சரளை மண்ணில் இருக்கின்றன. குப்புறப் படுத்து ஊர்ந்து சுடும் விளையாட்டில் மார்க்கரின் அடிப்பக்கமும் பக்கவாட்டும் அந்தச் சரளையில் உரசிக்கொண்டே இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் தங்கள் பொருளைப் போலப் பார்த்து வைக்கவும் மாட்டார்கள். அந்த உழைப்புக்குப் பவுடர்தான் ஈடுகொடுக்கும். ஆனால் பவுடர் வகையைக் கேட்டு வாங்குங்கள். எபாக்சிப் பவுடர் மலிவாகவும் உறுதியாகவும் இருக்கும்; வெயிலில் மட்டும் நிற்காது, சில மாதங்களில் மேலே சுண்ணாம்பு பூத்து மங்கிவிடும். எபாக்சியும் பாலியெஸ்டரும் கலந்ததும் வெளியிடத்துக்கு ஏற்றதல்ல. வெயிலில் கிடக்கும் மார்க்கருக்குத் தூய பாலியெஸ்டர் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நிறத்தில்தான் பவுடர் உங்களைக் கட்டிப் போடும். யூனிட்டில் நிறம் மாற்றுவது என்றால் தெளிக்கும் அறையான பூத்தைச் சுத்தம் செய்து, கன்னையும் குழாயையும் ஊதி, பழைய துகள் ஒன்றுகூட இல்லாமல் ஆக்க வேண்டும். ஒரு மார்க்கருக்காக அதைச் செய்யச் சொன்னால் கேட்கும் கூலி நியாயமாகவே அதிகமாக இருக்கும். மலிவாக முடிய வேண்டுமானால் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறதோ அதில் ஏறிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை, அல்லது மின் பெட்டிகளுக்கு அடிக்கும் சீமன்ஸ் கிரே. ஆரஞ்சும் நீலமும் எப்போது ஓடும் என்று கேட்டுவைத்துக்கொண்டு காத்திருந்தால் கிடைக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

பெயிண்டுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கார் பெயிண்ட் கலக்கும் கடையில் எந்த நிறமும் கால் லிட்டர் அளவில் கலந்து கொடுப்பார்கள். மார்க்கருக்கு அதுவே மிஞ்சும். ஆனால் பெயிண்ட் வேலையின் உயிர் நிறத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடை அலுமினியத்தில் அடித்து, அதன் மேல் நல்ல பெயிண்டை வீணாக்கியவர்கள் ஏராளம். அலுமினியத்துக்கு எட்ச் ப்ரைமர், அதாவது பெயிண்டு கடைகளில் வாஷ் ப்ரைமர் என்று கேட்டால் கொடுப்பது, மெல்லியதாக ஒரு கோட் போட வேண்டும். அது அமிலம் கலந்தது; உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் எதை அடிக்கலாம், எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். சில வகைகளின் மேல் எபாக்சி ப்ரைமர் ஒத்துப்போகாது. ஏற்கெனவே அனோடைஸ் ஆன உடலாக இருந்தால் அதை உரிக்கவே வேண்டாம். 320 அல்லது 400 எண் வாட்டர் பேப்பரால் பளபளப்புப் போகும் வரை தேய்த்து, எண்ணெய் போக இரண்டு முறை தின்னரால் துடைத்தால் போதும். அனோடைஸ் படலம் பெயிண்டுக்கு நல்ல பிடிமானம்.

துடைப்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மார்க்கர் என்பது எண்ணெயிலேயே வாழும் பொருள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் முன் காற்று வாயில் எண்ணெய் விடுவார்கள். அது காற்றோடு போய் எல்லா மூலைக்கும் பரவியிருக்கும். திருகுத் துளைகளில் தேங்கிய எண்ணெய் துடைக்கும்போது வெளிவராது. பெயிண்ட் அடித்த பிறகு மெல்லக் கசிந்து துளையைச் சுற்றி வட்டமாகப் பூச்சைத் தள்ளிவிடும். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, அதன் பிறகு தின்னர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். தேய்த்துத் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவும் கூடாது.

டப்பா ஸ்பிரேயா, டூ-பேக்கா என்றால் தயங்காமல் டூ-பேக். லாக்கர் டப்பா சுலபம்தான். ஆனால் தின்னர் பட்டால் கரையும், கைச்சூட்டிலும் வியர்வையிலும் பிசுபிசுக்கும், பிடிக்கும் இடத்தில் சீக்கிரம் தேயும். பெயிண்ட்பால் பந்துக்குள் இருப்பது பாலிஎத்திலீன் கிளைகாலும் சாயமும். தண்ணீரில் கரைந்து போகும். உறுதியான பூச்சில் அது துடைத்தால் போய்விடும். மிருதுவான பூச்சில் இரவு முழுக்க விட்டுவிட்டால் கறை தங்கும். ஹார்டனர் கலந்து இறுகும் டூ-பேக்கில் இந்தத் தொல்லை குறைவு. தொட்டால் ஒட்டாமல் ஆக ஒரு நாள், முழுதாக இறுக ஒரு வாரம். அந்த வாரத்துக்குள் ஓடுகளைச் சேர்த்து முடுக்கினால் திருகின் தலை பூச்சைச் சுருட்டிவிடும்.

டூ-பேக்கின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் திரும்பாமலும் போகலாம். துணி மாஸ்க், மருத்துவமனை மாஸ்க் இவையெல்லாம் இதற்குப் போதாது. வீட்டுத் திண்ணையில், பிள்ளைகள் ஓடும் இடத்தில் இதை அடிக்கவே கூடாது. தேய்ப்பது, கழுவுவது, அடைப்பது எல்லாவற்றையும் வீட்டில் செய்துவிட்டு, அடிப்பதை மட்டும் வெளிக்காற்று கொடுக்கும் முகமூடியும் பூத்தும் உள்ள கார் பெயிண்ட் பட்டறையில் கொடுங்கள். ஒரு கார் கதவுக்கு அடிக்கும்போது மிஞ்சும் கலவையே உங்கள் மார்க்கருக்குப் போதும்.

அடுத்து எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக் காற்று அந்த வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாயின் மேற்கே ஈரம், கிழக்கே வரும்போது புழுதி. ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் அடித்தால், தின்னர் ஆவியாகும் வேகத்தில் உலோகம் குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சின் மேல் படிந்து வெள்ளையாகப் புகைபடியும். டூ-பேக்கில் ஹார்டனர் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து சின்னச் சின்னக் குமிழ்களை விடும். காற்று அடிக்கும் நாளில் ஈரப் பூச்சில் மண்துகள் வந்து உட்காரும். பெயிண்ட் என்று முடிவெடுத்தவர்கள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில், வெயில் ஏறிய பிறகு அடித்து, மாலை ஈரம் இறங்கும் முன் முடித்துவிடுங்கள். பவுடருக்கு இந்தக் கவலை குறைவு. கழுவி உலர்த்தி, ஓவனில் வேகவைத்து வெளியே வருவதால் ஆடி மாதத்திலும் கொடுக்கலாம். மழைக்காலத்தில் வேலை முடிந்தாக வேண்டும் என்ற நிலையில், வார்ப்பு உடலாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே பவுடர் பக்கம் சாய்வேன்.

கடைந்து எடுத்த உடலுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. மறுபடி அனோடைஸ் செய்வது. அலங்கார அனோடைசிங் படலம் 5 முதல் 25 மைக்ரான். அதிலும் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள்ளேயே வளரும். எனவே அளவுகள் பெரிதாக மாறாது. உரியாது, கொப்பளிக்காது, எந்த ஓவனும் வேண்டாம். கோவையில் கறுப்பும் இயற்கை வெள்ளியும் செய்யும் பட்டறைகள் உண்டு. இரண்டு குறைகள்: பழைய படலத்தைக் காரத்தில் உரிக்கும்போது துளைகள் சற்றே பெரிதாகும், எனவே ஒரே மார்க்கருக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. இன்னொன்று, சிலிக்கான் அதிகமுள்ள டை-காஸ்ட் உடலில் இது எடுபடாது. சாம்பல் திட்டுத் திட்டாக நிற்கும். வார்ப்பு உடலைத் தூக்கிக்கொண்டு அனோடைசிங் பட்டறைக்கு அலைய வேண்டாம். தண்ணீரில் படலம் மிதக்கவிட்டு முக்கியெடுக்கும் கேமோ வேலையும் ஹெல்மெட்டுக்குச் செய்வதைப் போல மார்க்கருக்கும் செய்யலாம். மேலே வரும் கிளியர் கோட் எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் அதன் ஆயுள். ஆகவே அதையும் பெயிண்ட் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

என் முடிவு இது. சொந்தமாக ஒரு மார்க்கர் வைத்திருப்பவர், அது கடைந்த உடலாக இருந்தால், அனோடைஸ் அல்லது டூ-பேக் பெயிண்ட், பவுடர் வேண்டாம். அந்த வகை உடலில் இடைவெளிகள் இறுக்கமானவை; கொஞ்சம் அடைப்பு தவறினாலும் நல்ல மார்க்கர் கெட்டுவிடும். ஒரே ஒரு வார்ப்பு மார்க்கர் வைத்திருப்பவரும் பெயிண்ட் பக்கம் போவதே நல்லது. நிறம் அவர் விருப்பம், காயம் பட்டால் தானே ஒட்டுப் போடலாம். களம் நடத்துபவர், ஒரே மாதிரி வார்ப்பு மார்க்கர்கள் வரிசையாக வைத்திருப்பவர், மறுயோசனை இல்லாமல் பவுடருக்குப் போகலாம். எண்ணிக்கை இருப்பதால் யூனிட்டில் நிறம் மாற்றிக் கொடுப்பார்கள். ஒருமுறை சிலிகான் அடைப்பான் தொகுப்பைச் சரியாக அமைத்துவிட்டால் அதே தொகுப்பு எல்லா மார்க்கருக்கும் உதவும். மார்க்கருக்கு ஆகும் செலவு பெயிண்டைவிடக் குறைந்துவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் சில பாகங்களைத் தொடவே கூடாது. பேரலின் உள்பக்கம், போல்ட், பின் போல்ட்டைப் பிடித்து விடுவிக்கும் கொக்கியான சியர், ஸ்பிரிங் இவற்றில் எந்தப் பூச்சும் வேண்டாம். காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலைக்குக் கொடுத்து, திரும்ப மாட்டும்போது புதிதாகப் போடுங்கள். காற்று பாட்டில் பற்றி ஒரே வார்த்தை: அதை ஓவனுக்குள் வைக்கவே கூடாது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி, 350 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிய அலுமினிய சிலிண்டரைக் கழித்துக் கட்ட வேண்டும். பவுடரின் சூடு அதையும் தாண்டியது. 3000 பி.எஸ்.ஐ. அழுத்தம் அடைக்கப்படும் பாட்டில் அப்படிப் பலவீனமானால் அது கையில் இருக்கும் குண்டு. கார்பன் ஃபைபர் பாட்டிலுக்குத் தின்னர் படும் பெயிண்டும் ஆகாது. பாட்டிலுக்கு நிறம் வேண்டும் என்றால் துணி உறை வாங்கிப் போடுங்கள்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட் கறுப்பைத் தவிர்க்கச் சொல்வேன். மட் கறுப்பு மார்க்கரைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் உண்மையான துப்பாக்கியாகத்தான் தோன்றும். வாளையார் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும் காவலருக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் பயப்படுவதில் தவறில்லை. ஆரஞ்சு, மஞ்சள், வெளிர்நீலம் என்று விளையாட்டுப் பொருள் என்பது பார்த்தவுடன் தெரிகிற நிறம் போடுங்கள். பேரலையும் பாட்டிலையும் தனியாகக் கழற்றி மூடிய பையில் கொண்டு போங்கள்.

பூச்சு முடிந்து மார்க்கரைச் சேர்த்தவுடன் களத்துக்கு ஓட வேண்டாம். முதலில் பாட்டில் மாட்டாமல் போல்ட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். எங்கும் உரசாமல் சீராக வழுக்கிப் போக வேண்டும். உரசினால் எந்த இடம் என்று கண்டுபிடித்து அங்கே மட்டும் பூச்சைச் சுரண்டி எடுங்கள், உலோகத்தைத் தேய்க்காதீர்கள். பிறகு சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்துப் பாருங்கள். விசைப் பகுதிக்குள் பூச்சு படிந்திருந்தால் சேஃப்டி முழுதாக உட்காராது. அதன் பிறகு பாட்டில் மாட்டி, சோப்புத் தண்ணீரால் மறைகளில் கசிவு பார்த்து, கடைசியாகப் பந்தின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்துப் பந்து சுடுங்கள். எந்தப் பந்தும் நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. பல களங்களில் 280தான் வரம்பு. வேகத் திருகின் மறையில் பூச்சு படிந்திருந்தால் பழைய இடத்தில் நிறுத்தினாலும் வேகம் மாறியிருக்கும். ஆகவே பழைய அளவை நம்பாமல் வேகத்தை முழுக்கக் குறைத்து, அங்கிருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள்.